சுண்ணாம்பு தின்னும் விருந்தாளி

மே மாதக் கடைசியில் ஒரு காலை. இரண்டு நாள் விடாமல் கொட்டிய முதல் மழை விடியும்போதுதான் ஓய்ந்திருக்கிறது. தெற்கு அந்தமானில், கராச்சர்மா பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு வீடு. பின்னால் கையகலத் தோட்டம். வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு டீ டம்ளரோடு கொல்லைக் கதவைத் திறக்கிறார். போன வாரம் நட்ட ஏழு பப்பாளிக் கன்றுகளில் ஐந்தைக் காணோம், குச்சிகூட மிச்சமில்லை. பசலைக் கொடியில் தண்டு மட்டும் நிற்கிறது. வெண்டை நாற்றுகள் கத்தரிக்கோலால் நறுக்கிய மாதிரி மொட்டையாக இருக்கின்றன. ஈர மண்ணில் வெள்ளிக் கோடுகள் வளைந்து வளைந்து போய், பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவரில் ஏறுகின்றன. சுவரிலும் அங்கங்கே திட்டுத் திட்டாகச் சுண்ணாம்பைக் காணோம்.

"ஏங்க, செடியத் தின்னா சரி. செவுத்தயுமா திங்கும்?" என்கிறார் மனைவி.

திங்கும். செடியைவிடச் சில நாள் சுவர்தான் அதற்கு முக்கியம்.

இந்த வீட்டுக்காரருக்குப் பெயர் வைக்கத் தேவையில்லை. போர்ட் பிளேயரைச் சுற்றியும் (2024 செப்டம்பரிலிருந்து அரசாங்கத் தாளில் அது ஸ்ரீ விஜயபுரம்), ரங்கத், மாயாபந்தர், டிக்லிபூர் வரையிலும் இவரைப் போலப் பலர் இருக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தத் தீவுகளில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்குத் தாய்மொழி தமிழ். கொல்லையில் நாலு கீரை, ஒரு முருங்கை, இரண்டு வாழை இல்லாவிட்டால் வீடே நிறையாது என்று நினைக்கும் குடும்பங்கள். காய்கறிக்குக் கப்பலை நம்பியிருக்கும் ஊரில் அது வெறும் ஆசையும் இல்லை. மெயின்லேண்டிலிருந்து சரக்கு வரத் தாமதமானால் தக்காளி விலை என்ன ஆகும் என்பது அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும்.

சுவரில் ஏறிய ஆசாமி ஆப்பிரிக்க ராட்சத நத்தை. நம் ஊர் வயல் நத்தையை மனதில் வைத்துக்கொண்டு இதைப் பார்த்தால் திடுக்கிடும். நன்றாக வளர்ந்தது ஒரு ஆளின் உள்ளங்கையை நிறைக்கும். மிகப் பெரியவற்றின் ஓடு இருபது சென்டிமீட்டர் நீளத்தைத் தொடும். கூம்பாகச் சுருண்ட பழுப்பு ஓட்டில் நெடுக்குவாட்டில் கருஞ்சிவப்புக் கீற்றுகள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். உலகின் பாதிக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் அந்த அழகுக்கும் பங்கு உண்டு.

சுண்ணாம்பு விஷயம் இதுதான். நத்தையின் ஓடு கால்சியம் கார்பனேட். உடம்பு வளர வளர வீடும் வளர வேண்டும். அதோடு முட்டைக்கும் சுண்ணாம்பு ஓடு வேண்டும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை அலசிப் போடும் மண்ணில் சுண்ணாம்புச் சத்து எவ்வளவு தங்கும்? நத்தை வேறு இடம் தேடுகிறது. அதன் வாய்க்குள் அரத்தைப் போன்ற ஒரு நாக்கு. அதில் வரிசை வரிசையாக ஆயிரக்கணக்கான நுண்பற்கள். தேய்ந்த பற்கள் முன்னால் உதிர, பின்னாலிருந்து புதிய வரிசை நகர்ந்து வரும். இந்த அரம் கீரையையும் சீவும், வெள்ளையடித்த சுவரையும் சீவும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வீட்டுச் சுவர்ப் பூச்சையே தின்று வைத்ததால் இதை வீடு தின்னி என்று பயந்தார்கள். அந்தமான் வீட்டுக்காரர் ஆண்டுதோறும் சுவருக்கு அடிக்கும் வெள்ளை, தோட்டத்து எதிரிக்குப் போடும் சத்துமாவு. இதை அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எங்கிருந்து வந்தது இது?

பிறந்த வீடு கிழக்கு ஆப்பிரிக்கக் கரை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மொரிஷியஸ் தீவுக்குப் போய்விட்டது. அங்கிருந்து 1847இல் கல்கத்தாவுக்குக் கொண்டு வந்தவர் வில்லியம் பென்சன். கிழக்கிந்தியக் கம்பெனி அரசின் சிவில் சர்வீஸ் அதிகாரி. ஓய்வு நேரத்தில் நத்தை, சிப்பி ஆராய்ச்சி. அந்தக் காலத்தின் மிகச் சிறந்த நத்தை அறிஞர்களில் ஒருவர். அவர் கொண்டு வந்த சில நத்தைகள் அந்நகரின் சௌரிங்கிப் பகுதித் தோட்டம் ஒன்றில் விடப்பட்டன. நத்தையைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவர் இதைச் செய்திருந்தால் மன்னித்துவிடலாம். எல்லாம் தெரிந்தவர் செய்தார் என்பதுதான் இந்தக் கதையின் கசப்பு. 1900 வாக்கில் இலங்கை, பிறகு மலாயா, சிங்கப்பூர். 1930களில் தைவானுக்குப் போய், ஜப்பானியப் பேரரசின் தீவுகளெங்கும் உணவாகவும் மருந்தாகவும் பரவியது.

1942 மார்ச் 23ஆம் தேதி ஜப்பானியப் படை போர்ட் பிளேயரில் இறங்கியது. மூன்றரை ஆண்டுகள் கழித்து, 1945 அக்டோபரில்தான் தீவுகள் மீண்டும் பிரிட்டிஷ் கைக்குப் போயின. இடைப்பட்ட காலத்தில் நேச நாடுகளின் கப்பல்கள் கடல்வழியை அடைத்ததால் தீவில் சோற்றுக்கே தட்டுப்பாடு. பட்டினியில் மக்கள் செத்தார்கள். படைவீரர்களுக்கு இறைச்சி வேண்டும். தீனி போட்டு வளர்க்க வேண்டியிராத, தானே மேய்ந்து பெருகும் இறைச்சியாக நத்தையை ஜப்பானியர் கொண்டு வந்து விட்டார்கள் என்றுதான் ஆய்வு நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. போர் முடிந்தது. படை போனது. அதன் பதுங்கு குழிகள் கடலோரத்தில் இன்றும் பாசி படிந்து நிற்கின்றன, சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதே படை விட்டுப் போன இன்னொன்று, எழுபது எண்பது ஆண்டு கழித்து, கராச்சர்மாவில் ஒருவரின் பப்பாளிக் கன்றைத் தின்கிறது.

இனி கணக்கு. ஒவ்வொரு நத்தைக்கும் ஆண் உறுப்பும் உண்டு, பெண் உறுப்பும் உண்டு. இரண்டு சந்தித்தால் இரண்டுமே முட்டையிட முடியும். ஒரு முறை சேர்ந்துவிட்டால் பெற்ற விந்தைப் பல மாதங்கள் உடம்புக்குள் சேமித்து வைத்துக்கொண்டு, துணையில்லாமலே அடுத்தடுத்து முட்டையிடும். ஓர் ஈட்டில் நூறு முதல் நானூறு வரை. ஆண்டுக்குப் பல ஈடு. முட்டை சவ்வரிசி அளவு, வெளிர் மஞ்சள் நிறம். மண்ணுக்குள் சில அங்குல ஆழத்தில், இலைக்குப்பைக்கு அடியில், தொட்டிச் செடியின் வேர்ப்பக்கத்தில் கிடக்கும். ஒன்றிரண்டு வாரத்தில் பொரிந்து, ஆறு மாதத்தில் அதுவும் முட்டையிடத் தயார். ஆயுள் ஐந்தாறு வருடம்.

இந்தக் கணக்கு நிஜத்தில் எப்படி இருக்கும் என்பதற்கு மியாமியில் நடந்ததே சாட்சி. 1966இல் ஒரு சிறுவன் ஹவாய்க்குப் போய்விட்டுத் திரும்பும்போது மூன்று நத்தைகளைக் கொண்டு வந்தான். பாட்டி அவற்றைத் தோட்டத்தில் விட்டார். ஏழு ஆண்டுகள் கழித்து எண்ணியபோது பதினெட்டாயிரத்துக்கு மேல். ஒழித்துக்கட்டப் பத்து லட்சம் டாலர் செலவானது. 1975இல்தான் முடிந்தது என்று அறிவித்தார்கள். 2011இல் அதே ஊரில் மறுபடியும் தலைகாட்டியது. இந்தத் தடவை பயிற்சி பெற்ற லாப்ரடார் நாய்களெல்லாம் மோப்பம் பிடித்தன. பத்து ஆண்டுகளில் 1,68,000க்கும் மேற்பட்ட நத்தைகளைப் பொறுக்கி, 2021இல் வெற்றி என்றார்கள். 2022இல் அதே மாநிலத்தின் இன்னொரு மூலையில் புதிதாக ஒரு கூட்டம் அகப்பட்டது.

பணமும் நாயும் படையும் உள்ள நாட்டின் நிலைமை அது. நம் ஆளிடம் ஒரு பிளாஸ்டிக் வாளியும் ஒரு டார்ச்சும் இருக்கின்றன.

முதலில் அவர் உப்பை எடுக்கிறார். எல்லாரும் அதைத்தான் எடுப்பார்கள். நத்தையின் தோல் ஈரமான சல்லடை மாதிரி. உப்பு பட்டதும் உடம்பு நீர் வெளியேறி, நுரை தள்ளி, செத்துப்போகும். ஆனால் மறுநாளும் மழை. உப்பு கரைந்து வெண்டைக்கும் கத்தரிக்கும் வேரடியில் இறங்குகிறது. இரண்டு வாரத்தில் நத்தை கடிக்காத செடியும் ஓரம் கருகி நிற்கிறது. வாளித் தண்ணீரில் உப்பைக் கரைத்து, பொறுக்கிய நத்தையை அதற்குள் போடுவது வேறு விஷயம், அதில் தோட்டத்துக்குக் கெடுதல் இல்லை. வரப்பு வரப்பாக உப்பைத் தூவுவது, தலைவலிக்குத் தலையையே கழற்றி வைக்கிற வைத்தியம்.

அடுத்து போர்ட் பிளேயரின் அபர்டீன் பஜார் வரை போய் மெட்டால்டிஹைடு குருணை வாங்கி வருகிறார். நத்தைக்கென்றே உலகம் முழுதும் விற்ற மருந்து இது. தின்ற நத்தை கட்டுப்பாடில்லாமல் கோழையைச் சுரந்து சுரந்து, நீர் வற்றிச் சாகும். இங்கேதான் அந்தமான் குறுக்கே வருகிறது: நீர் வற்றி மயங்கிக் கிடக்கும் நத்தைமேல் மழை பெய்தால் அது இழந்த நீரை உறிஞ்சி எழுந்து போய்விடக்கூடும். வெயில் நாட்டில் வேலை செய்யும் மருந்து, மழை நாட்டில் பாதி வேலைதான் செய்யும். மேலும் அந்தக் குருணை நாய்க்கும் பிடிக்கும், கோழிக்கும் பிடிக்கும். விழுங்கினால் வலிப்பு வந்து செத்துவிடும். பறவைகளுக்கும் முள்ளெலிகளுக்கும் ஆபத்து என்று பிரிட்டன் 2022 வசந்தத்தோடு வெளித் தோட்டங்களில் இதற்குத் தடையே போட்டுவிட்டது.

இதே நத்தையோடு மல்லுக்கட்டும் கேரளத்தில், பீச்சியிலுள்ள வன ஆராய்ச்சி நிறுவனம் பரிந்துரைத்து ஊர் ஊராகப் பரவியது வேறொரு கலவை: புகையிலைக் கஷாயமும் மயில்துத்தக் கரைசலும் சேர்ந்தது. மாலையில் ஈரக் கோணிச்சாக்கை விரித்து, அதன்மேல் முட்டைக்கோஸ் இலையோ பப்பாளி இலையோ போட்டு வைப்பார்கள். ராத்திரி நத்தைகள் வந்து கூடும். காலையில் மொத்தமாக அள்ளி, கலவையைத் தெளிப்பார்கள். மலிவு, வீட்டிலேயே செய்யலாம். பயிர்மேல் கண்டபடி அடித்தால் மயில்துத்தம் இலையைச் சுடும் என்பதால் பொறி வைத்துப் பிடிப்பதே இதில் உண்மையான தந்திரம், மருந்து இரண்டாம்பட்சம்.

இத்தனையும் செய்து ஒரு மாதத்தில் நம் ஆள் தோட்டத்தைச் சுத்தமாக்கிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். வேலிக்கு அந்தப் பக்கம் பஞ்சாயத்துச் சாக்கடை. அதற்கப்பால் ஆள் இல்லாத மனை, வாரிசுகள் மெயின்லேண்டில். அதற்கப்பால் பாக்குத் தோப்பு, பிறகு காடு. ஒரு ராத்திரியில் சில பத்து மீட்டர் ஊர்ந்துவரும் பிராணிக்கு இவர் பட்டா எண் தெரியாது. ஜனவரி பிறந்து மழை நின்றதும் இன்னொரு ஏமாற்று: நத்தையே கண்ணில் படாது. ஒழிந்தது என்று வீட்டில் பேச்சு. உண்மையில் அவை மண்ணுக்குள்ளும் மரப்பொந்திலும் ஓட்டின் வாயை ஒரு மெல்லிய வெள்ளைத் தகடால் அடைத்துக்கொண்டு தூங்குகின்றன. மாதக்கணக்கில் சோறு தண்ணீர் இல்லாமல் இருக்கும். மே மாதம் கூரையில் முதல் தூறல் சத்தம் கேட்டதும் தகடு உடையும்.

அந்த முதல் ஒரு வாரம்தான் மனிதனுக்குச் சாதகமான வாரம். தூங்கி எழுந்த நத்தை பசியோடு வெளியே வரும், இன்னும் முட்டையிட்டிருக்காது. தெருவே சேர்ந்து டார்ச்சோடு இறங்கினால் அந்த வருடத்து எண்ணிக்கையைப் பெரிதும் குறைக்கலாம். நடப்பது என்னவோ, முதல் மழைக்குக் கூரை ஒழுகுவதைப் பார்க்கவே எல்லாருக்கும் நேரம் போதவில்லை.

நத்தையை விழுங்க இன்னொரு பிராணியைக் கொண்டு வந்தால் என்ன? நம் ஆளுக்கு வரும் இந்த யோசனை பெரிய பெரிய விஞ்ஞானிகளுக்கும் வந்தது. 1955இல் ஹவாய் அரசு, நத்தையைத் தின்னும் நத்தையான ரோஜாநிற ஓநாய் நத்தையை ஃபுளோரிடாவிலிருந்து வரவழைத்தது. வந்தது ராட்சதனை விட்டுவிட்டு, மரத்தில் வாழும் சின்னஞ்சிறு உள்ளூர் நத்தைகளைத் துரத்தித் துரத்தித் தின்றது. அந்த இனங்களில் ஒன்றின் கடைசி உயிர், ஜார்ஜ் என்று பெயரிடப்பட்டு ஆய்வகத்தில் வளர்ந்த ஒற்றை நத்தை, 2019 ஜனவரி 1ஆம் தேதி இறந்தது. 1974இல் தாஹிட்டி, 1977இல் மூரியா என்று பசிபிக்கின் மற்ற தீவுகளிலும் இதே தவறு, இதே முடிவு. ராட்சத நத்தை மட்டும் எங்கும் சௌக்கியமாக இருந்தது.

ஆறுதல் சொல்ல ஒரு செய்தி உண்டு, அதையும் பாதிதான் நம்பலாம். ஆல்பர்ட் மீட் என்ற அமெரிக்கர் இந்த ஒரே பிராணிக்காகத் தன் வாழ்நாளில் பெரும் பங்கைச் செலவிட்டு 1961இல் தடிமனான ஒரு நூலே எழுதினார். பல நாடுகளில் நத்தைக் கூட்டம் வெடித்துப் பெருகி, சில பத்தாண்டுகள் கழித்து நோயுற்று, சிறுத்து, மெலிந்து போவதை அவர் கவனித்தார். அப்படியானால் காத்திருக்கலாமே? ஒரு பத்தாண்டு பப்பாளி சாப்பிடாமல் காத்திருக்கத் தயாராக இருப்பவர் காத்திருக்கலாம்.

வெறும் கையால் பொறுக்குவது மட்டும் கூடாது. எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழு, தன் வாழ்வின் ஒரு பகுதியை நத்தைக்குள் கழிக்கிறது. எலிக் கழிவைத் தின்னும் நத்தைக்குள் அதன் இளம்புழுக்கள் ஏறும். அவை கழுவாத கீரை வழியாகவோ, நத்தையைத் தொட்ட கை வழியாகவோ மனித உடம்புக்குள் போனால் மூளை உறையில் அழற்சி உண்டாக்கும். கேரளத்தில் குழந்தைகளுக்கே இது வந்திருக்கிறது. கையுறை இல்லையென்றால் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டாவது பொறுக்க வேண்டும்.

எலி என்றதும் அந்தமான்காரர்களுக்கு நத்தையைவிடக் கொடிய ஞாபகம் ஒன்று உண்டு. 1980களின் கடைசியிலிருந்து, மழை ஓயும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் ஒரு காய்ச்சல் வரும். உடம்பு வலி, மஞ்சள் கண், சிலருக்கு இருமலில் ரத்தம். சில நாளில் மரணம். காரணம் புரியாமல் 'அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல்' என்றே பெயர் வைத்தார்கள். 1993இல் வட அந்தமானின் டிக்லிபூர் பகுதியில் ஆராய்ந்தபோதுதான் அது லெப்டோஸ்பைரோசிஸ், எலிக்காய்ச்சல் என்று தெளிவானது. வேடிக்கை என்னவென்றால், டெய்லர், கோயல் என்ற இரண்டு மருத்துவர்கள் இதே தீவில் இதே நோயைக் கண்டு 1931லேயே விரிவாக எழுதி வைத்திருந்தார்கள். அறுபது ஆண்டு அலமாரியில் கிடந்த அறிவு. போர்ட் பிளேயரில் உள்ள மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி மையம் பிறகு இந்த நோய்க்கு நாட்டின் முக்கிய ஆய்வகமாகவே வளர்ந்தது. நம் வீட்டுக்காரர் எலிப்பொறி வைப்பது அரிசி மூட்டைக்காக. செருப்பில்லாமல் ஈரக் கொல்லையில் நிற்கும் அவர் காலில் உள்ள சின்ன வெட்டுக்காயம்தான் அதைவிடக் கவலைப்பட வேண்டிய விஷயம். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் கிடக்கும் கிருமிக்கு அந்த வழி போதும்.

கொல்லைக் குட்டைக்கு வருவோம். தீவு வீடுகள் பலவற்றில் ஒரு சிறு குளம் உண்டு. வங்காளத்திலிருந்து குடியேறியவர்கள் கொண்டு வந்த நல்ல பழக்கம். அதில் ரோகு, கட்லா வளர்ப்பார்கள். மீன்குஞ்சு பையில் வரும். அந்தப் பைக்குள் மீனோடு மீனாக இன்னொன்றும் வந்தது: மெயின்லேண்டின் பெரிய தவளை. வயலில் மழை இரவில் கத்தி ஊரைக் கூட்டுமே, மஞ்சள் மேனியும் நீலக் கன்னமுமாக ஆண்கள் அலையுமே, அதுதான். 2000களின் தொடக்கத்தில் அந்தமானில் நுழைந்து 2009க்குப் பிறகு வேகமாகப் பரவியது. தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்திலிருந்து நித்ய பிரகாஷ் மொஹந்தியும் ஜான் மீசியும் 91 கிராமங்களில் மக்களைக் கேட்டுக் கேட்டு இந்த வரைபடத்தைப் போட்டார்கள். அவற்றில் பாதிக்கு மேற்பட்ட கிராமங்களில் தவளை வந்து சேர்ந்திருந்தது. மக்கள் சொன்ன புகார் தெளிவாக இருந்தது. கோழிக்குஞ்சு காணாமல் போகிறது; குளத்து மீன் காணாமல் போகிறது.

கோழிக்குஞ்சைத் தவளை விழுங்கும் என்றால் தமிழ்நாட்டில் சிரிப்பார்கள். பதினைந்து சென்டிமீட்டருக்கு மேல் வளரும் இந்தத் தவளைக்குத் தன் வாயில் நுழையும் எதுவும் இரைதான். அதன் தலைப்பிரட்டைகளும் அப்பன் குணத்தோடுதான் பிறக்கின்றன. தீவின் சொந்தத் தவளைகளுடைய தலைப்பிரட்டைகளோடு ஒரே தொட்டியில் விட்டுப் பார்த்த சோதனையில் உள்ளூர்க் குஞ்சு ஒன்றுகூட மிஞ்சவில்லை. இதே தவளை மெயின்லேண்டில் விவசாயியின் கூட்டாளி. தவளைக்கால் ஏற்றுமதிக்காகக் கோடிக்கணக்கில் பிடித்ததில் வயலில் பூச்சி பெருகுகிறது என்ற கவலையோடு 1987இல் இந்தியா அந்த ஏற்றுமதியையே தடை செய்தது. ஒரே பிராணிதான், கடல் தாண்டியதும் ஊர்க்காவல்காரன் திருடனாகிவிட்டான்.

மான் கதை இதற்கும் மூத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வேட்டையாடவும் காட்டுக்கு அழகாகவும் இருக்கட்டும் என்று பிரிட்டிஷார் புள்ளிமானை இங்கே விட்டார்கள். புலியில்லை, சிறுத்தையில்லை, நரிகூட இல்லை. கால்வாய்களை நீந்திக் கடந்து தீவுக்குத் தீவு போயிற்று. காட்டின் இளங்கன்றுகளை மேய்ந்து அது காட்டையே எப்படி மாற்றுகிறது என்று சூழலியலாளர் ரவூஃப் அலி 2004இல் எழுதினார். ராஸ் தீவில் சுற்றுலாப் பயணிகள் அதற்கு ரொட்டி கொடுக்கிறார்கள். காட்டோரத்தில் காய்கறி போட்டவர் ராத்திரி தகர டின்னைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சுடக் கூடாது, அது பாதுகாக்கப்பட்ட விலங்கு.

எல்லாம் வந்தேறிகள்தானா? இல்லை. மழைக்காலத்தில் குளியலறைச் சாக்கடை வழியாக ஏறி வரும் ஒரு சாண் நீளப் பூரானும், கதவு நிலையை உள்ளுக்குள்ளேயே அரித்துவிட்டு வெளியில் பெயின்ட்டை மட்டும் நிறுத்தி வைக்கும் கரையானும் மண்ணின் மைந்தர்கள். மனிதன் வருமுன்னே இருந்தவை. 1883இல் சாத்தம் தீவில் மரம் அறுக்கும் ஆலை வைத்த காலத்திலிருந்தே தீவின் தச்சர்களுக்கு ஒன்று தெரியும்: படாக் மரத்தின் சிவந்த வைரத்தில் கரையான் எளிதில் வாய் வைக்காது. இன்று படாக் வாங்கும் வசதி யாருக்கு இருக்கிறது? மெல்லிய மரத்தில் நிலை வைத்துவிட்டு, மருந்தடிப்பவரை வருடந்தோறும் கூப்பிடுகிறார்கள்.

இந்த முழுப் பட்டியலிலும் மனிதன் ஓரளவு வென்ற இடம் ஒன்றுதான், அது தென்னை உச்சியில் இருக்கிறது. காண்டாமிருக வண்டு: விரிந்த ஓலையில் விசிறியை வெட்டியது போல முக்கோண வெட்டுகள் தெரிந்தால், குருத்துக்குள் அது துளை போட்டிருக்கிறது என்று அர்த்தம். வீட்டுக்காரர்கள் தலைமுறையாகச் செய்வது கம்பிக் கொக்கியால் துளைக்குள் குத்தி இழுப்பது, ஆமணக்குப் புண்ணாக்கு ஊறவைத்த பானையை வாசனைப் பொறியாக வைப்பது. ஆனால் வண்டு பிறப்பது மரத்தில் அல்ல. கீழே எருக்குழியிலும், மக்கும் தென்னங்கட்டையிலும். மேலே பிடித்துக்கொண்டே இருந்தால் கீழே பிறந்துகொண்டே இருக்கும்.

1909 வாக்கில் இலங்கையிலிருந்து ரப்பர் கன்றுகளோடு சமோவா தீவுக்குப் போன இந்த வண்டு அங்கே தென்னைகளைச் சூறையாடியது. அரை நூற்றாண்டுக்கும் மேல் தடுமாறிய பிறகு, அலோயிஸ் ஹூகர் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 1963இல் மலேசியாவில் வண்டுகளின் குடலைத் தாக்கும் ஒரு வைரஸைக் கண்டுபிடித்தார். அது வண்டுக்கு மட்டும் நோய். மனிதருக்கோ மாட்டுக்கோ ஒன்றும் செய்யாது. நோயுற்ற வண்டைப் பிடித்து மீண்டும் பறக்க விட்டால் போதும், அதுவே போகிற இடமெல்லாம் கிருமியைப் பரப்பும். அந்தமானிலும் இந்த வைரஸை விட்டார்கள். அது தீவில் வேரூன்றி வண்டைக் குறைத்ததை டி. கே. ஜேக்கப் 1996இல் ஓர் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். கராச்சர்மாவிலேயே இயங்கும், 1978இல் தொடங்கப்பட்ட மத்திய தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனால் இதுபோன்ற யோசனைகள் கிடைக்கும். நம் ஆள் அதன் வாசல் வழியாகத்தான் தினமும் பஸ்ஸில் போகிறார்.

கொண்டாட அவசரப்பட வேண்டாம். 2007இல் குவாம் தீவில் இதே வண்டின் இன்னொரு வகை தலையெடுத்தது. பழைய வைரஸ் அதை ஒன்றும் செய்வதில்லை. அது இப்போது பசிபிக்கில் தீவு தீவாக நகர்கிறது.

கப்பலில் ஏறும் பூச்சிக்கு டிக்கெட் கிடையாது. சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் விசாகப்பட்டினத்திலிருந்தும் வரும் ஒவ்வொரு கப்பலிலும் மணல், வைக்கோல், நாற்று, தொட்டிச் செடி, மீன்குஞ்சு, பழைய மரச்சாமான் என்று ஏதாவது இறங்கும். தீவுகளுக்கிடையே ஓடும் படகுகள் அவற்றை ஹேவ்லாக்குக்கும் நீலுக்கும், அதற்கப்பால் சின்னச் சின்னக் குடியிருப்புகளுக்கும் எடுத்துப் போகும். நத்தை இந்தக் கடலை நீந்திக் கடந்ததில்லை. பென்சன் தூக்கிப் போனார், ஜப்பானியச் சிப்பாய் தூக்கிப் போனான், மியாமிச் சிறுவன் சட்டைப் பைக்குள் வைத்துப் போனாலும் போயிருப்பான்.

ஜூன் மாதக் கடைசி ஞாயிறு. நீல் தீவில் புதுமனை கட்டியிருக்கும் மகளுக்குக் கொண்டுபோக, வீட்டுக்காரரின் மனைவி நந்தியாவட்டைக் கன்று ஒன்றைப் பையில் வளர்த்து வைத்திருக்கிறார். காலைப் படகுக்கு நேரமாகிறது. பையைத் தூக்கிய வீட்டுக்காரர் அடியில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, திண்ணையில் பழைய செய்தித்தாளை விரித்து மண்ணை மொத்தமாகக் கொட்டுகிறார். "கெளம்புற நேரத்துல என்னங்க இது?" வேர்களுக்கு நடுவே சவ்வரிசி கொட்டினாற்போல வெளிர் மஞ்சள் மணிகள், நூறுக்குக் குறையாது. அவர் அவற்றை ஒவ்வொன்றாகப் பழைய டப்பாவில் பொறுக்கிப் போடுகிறார். வேரைக் குழாயடியில் அலசி ஈரத்துணியில் சுற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டு, அடுப்பில் வெந்நீர் இருக்கிறதா என்று கேட்கிறார்.